ஆறுமணிக் குருவியைத் தேடி ஒரு நாள்

கொலு பொம்மைகளைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிய மறுவாரம் அது. காலை ஆறரை மணி இருக்கும். மயிலாப்பூரில் நாங்கள் குடியிருக்கும் அடுக்கு வீட்டின் பின்பக்கம், துணி துவைக்கும் கல்லருகே காக்கைகள் ஒரே கூச்சல். எலி எதையாவது கொத்திப் போட்டிருக்கும் என்று விளக்குமாறும் கையுமாகப் போனேன். எலி இல்லை. சுவரோரம் ஒடுங்கிக்கொண்டு ஒரு சின்னப் பறவை.

மைனாவைவிடக் கொஞ்சம் சிறியது. முதுகு பச்சை, வயிறு சந்தன நிறம், இறக்கையில் மயில்கழுத்து நீலம், வாலடியில் குங்குமத்தை அப்பினாற்போல் சிவப்பு. கண்ணுக்கு மை இழுத்துவிட்ட மாதிரி கறுப்புப் பட்டை. வால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை, அவ்வளவு குட்டை. நாற்பத்தாறு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன். இப்படி ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

காக்கைகளை விரட்டிவிட்டு முறத்தில் எடுத்து வைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லா வீட்டுக் கதவையும் தட்டினேன். "வாங்க வாங்க, எங்கிருந்தோ ஒரு அதிசயப் பட்சி வந்திருக்கு!" என்று கூப்பிட்டேன். கைப்பேசி இல்லாத கை ஏது? பன்னிரண்டு பேர் சுற்றி நின்று படம் எடுத்தோம். மாடிப்படிக்குக் கீழே இருட்டாக இருந்ததால் வெளிச்சம் அடித்தும் எடுத்தோம். பிள்ளைகள் தொட்டுப் பார்த்தார்கள். ஒருவர் சாதப் பருக்கை வைத்தார், ஒருவர் பிஸ்கட் நொறுக்கிப் போட்டார். நானே பஞ்சில் தண்ணீர் நனைத்து அதன் அலகைப் பிரித்துச் சொட்டு விட்டேன். குடும்பத்துக் குழுவில் படத்தைப் போட்டதும் நாத்தனார், ஓரகத்தி, மும்பைச் சித்தி எல்லோரும் "ஆஹா, என்ன அழகு" என்று எழுதினார்கள். பெருமையாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

பதினொன்றரை மணிக்கு முறத்திலேயே செத்துப் போயிற்று.

பள்ளிக்கூடம் விட்டு வந்த என் பெண் (எட்டாம் வகுப்பு படிக்கிறாள்) பையைக்கூட இறக்காமல், "குருவி எங்கேம்மா?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அது பயத்துலயே செத்துப் போச்சாம்மா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. என் கணவர், "காக்கா கொத்தினதுல போயிருக்கும், விடு" என்று சமாதானம் சொன்னார். மாமியார், "அதுக்கு விதி முடிஞ்சுது" என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

எங்கள் வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி, ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். விடிகாலையில் கழுத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு எங்கோ போவார். இந்த வயசில் இதென்ன என்று நாங்கள் கேலி பேசியதுண்டு. அவரிடம் போய்ப் படத்தைக் காட்டினேன்.

"ஆறுமணிக் குருவிம்மா இது. காலையில ஆறு மணி, சாயங்காலம் ஆறு மணி வாக்கில கூவும். அதான் அந்தப் பேரு."

"நம்ம ஊர்ப் பறவையா டீச்சர்?"

"நம்ம ஊருக்கு விருந்தாளி."

அவர் சொன்னதை நான் புரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன். மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிற பறவை இது. மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சில இடங்களில் உண்டு. மழை ஓய்ந்ததும் தெற்கே கிளம்பிவிடும். தமிழ்நாடு, கேரளம், இலங்கை வரைக்கும் குளிர்காலத்துக்கு வந்து தங்கும். வருவதெல்லாம் ராத்திரியில்தான். பட்டணத்து விளக்கு வெளிச்சத்தில் வழி தடுமாறி, கண்ணாடிச் சுவரில் மோதி, அல்லது களைத்துப் போய், ஒவ்வொரு அக்டோபரிலும் சென்னை வீடுகளின் கொல்லையிலும் பால்கனியிலும் விழும். விடிந்ததும் காக்கைகள் சூழ்ந்துகொள்ளும். ஹிந்தியில் இதற்கு 'நவ்ரங்', அதாவது ஒன்பது நிறம் என்று பெயர். இலங்கையில் சிங்களக் கிராமத்தார் ஒரு கதை சொல்வார்களாம். இதன் உடுப்பை மயில் களவாடிப் போய்விட்டதாம், "என் உடுப்பு, என் உடுப்பு" என்றுதான் இது இன்னமும் கத்துகிறதாம்.

"நீ செஞ்சதுல முதல் காரியம் சரி. காக்காயை விரட்டினே. அதுக்கப்புறம் செஞ்சது ஒண்ணும் சரியில்லைம்மா" என்றார் டீச்சர். முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். சுருக்கென்றிருந்தது. ஆனால் உங்களில் யார் வீட்டுக் கொல்லையிலாவது நாளை இது விழலாம் என்பதால் அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

துணியைப் போட்டு மெதுவாக எடுத்து, காற்றுத் துளை போட்ட ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து மூட வேண்டும். அடியில் பழைய துணி விரித்தால் போதும். பெட்டியைச் சத்தமில்லாத, இருட்டான, மின்விசிறிக் காற்று படாத இடத்தில் வைத்துவிட வேண்டும். இருட்டு பறவைக்கு அமைதி. நாம் கிட்டே நின்று கொஞ்சுவது அதற்குப் புலி வாயருகே நிற்பது மாதிரி. வாயில் தண்ணீர் விடவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். (இதைக் கேட்டபோது என் கை நடுங்கியது.) சாதமும் பிஸ்கட்டும் அதற்கு ஆகாரமே இல்லை, சருகுக்கடியில் இருக்கும் புழுவும் பூச்சியும்தான். இரத்தமோ, ஒடிந்த இறக்கையோ இருந்தால் வனத்துறைக்கோ, பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கிற அமைப்புக்கோ உடனே தெரிவிக்க வேண்டும். காயம் இல்லையென்றால், பொழுது சாயும்போது மரமும் புதரும் உள்ள இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அதுவே போய்விடும். அழகாயிருக்கிறதே என்று கூண்டில் போட்டு வளர்ப்பது 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நம் வீடுகளில் தொங்குகிற பச்சைக்கிளிக் கூண்டுக்கும் இதே சட்டம்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இவ்வளவுதான் விஷயம். ஒரு செருப்புப் பெட்டி போதும். அது எங்கள் வீட்டில் நான்கு இருந்தது.

பொங்கலுக்கு மறுபடி டீச்சரே கூப்பிட்டனுப்பினார். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவை கணக்கெடுக்கிறார்கள், 2015லிருந்து நடக்கிறது. ஒரே இடத்தில் கால்மணி நேரமாவது நின்று, கண்ணில் படுகிற பறவைகளை எண்ணி எழுத வேண்டும், அவ்வளவே. எங்கள் மொட்டை மாடியிலேயே என் பெண்ணும் அவரும் நின்று பதினொரு வகை எழுதினார்கள். காக்கை, புறா, மைனா, கிளி, குயில், செம்போத்து, தேன்சிட்டு, கொய்யா மரத்துத் தையல்சிட்டு என்று. என் பெண் முகத்தில் அக்டோபருக்குப் பிறகு அன்றுதான் பழைய களை வந்தது. "ஒரு சனிக்கிழமை ரெண்டு பேரும் என்னோட வாங்க. முழு நாள். உயிரோட பார்க்கலாம்" என்றார் டீச்சர்.

முழு நாள் என்றால் லேசா? வெள்ளிக்கிழமை ராத்திரியே புளியோதரை கிளறி, தயிர்சாதத்துக்கு வடித்து, மாமியாருக்கு மாத்திரைகளை வேளைவாரியாகக் கிண்ணங்களில் எடுத்து வைத்து, இவருக்கு எது எங்கே இருக்கிறது என்று சீட்டு எழுதி ஒட்டினேன். "பட்சி பார்க்கவா போறே? நம்ம ஜன்னல்ல வந்து உட்கார்றதெல்லாம் பட்சி இல்லையா?" என்றார் மாமியார். இவரோ, "போய்ட்டு வா, ஒரு நாள் நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, தோசை மாவு எந்தத் தட்டில் இருக்கிறது என்று மூன்று தடவை கேட்டார்.

உடுப்பு விஷயத்தில் டீச்சர் கண்டிப்பு. ஜரிகை கூடாது, சிவப்பு மஞ்சள் கூடாது, மல்லிகைப்பூவுக்கு ஆட்சேபணை இல்லை, கண்ணாடி வளையல் கூடாது. கசங்கின பாசி நிறப் பருத்திப் புடவை, தொப்பி, கான்வாஸ் செருப்பு. புடவைக்குமேல் தொப்பி வைத்துக்கொண்டு லிப்டில் இறங்கும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் தம்பி வெளிநாடு போகும்போது விட்டுப்போன கேமரா ஒன்று பீரோவில் கிடந்தது, நல்ல ஜூம் உள்ளது. அதைப் பெண் தோளில் மாட்டிக்கொண்டாள். எனக்கு டீச்சரின் பழைய பைனாகுலர்.

ஐந்தரைக்கு ஆட்டோ பிடித்து பெசன்ட் நகர் கடற்கரை போய், அங்கிருந்து வடக்கே மணலில் நடந்தோம். அடையாறு கடலில் சேருகிற முகத்துவாரம் வந்தது. உடைந்த பாலம் என்று சினிமாவில் பார்த்திருப்பீர்களே, 1977ல் இடிந்தது, அது இங்கேதான். அதன்மேல் ஏற வேண்டாம் என்று டீச்சர் எங்களைக் கீழேயே நிறுத்திவிட்டார். நாற்றம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஊர்ச் சாக்கடை பாதி இந்த ஆற்றில்தான். ஆனால் தண்ணீர் வற்றிய சேற்றில் அந்த விடியற்காலை என்ன கூட்டம்! சிவப்புக் குச்சி கட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி நெடுங்கால் உள்ளான்கள். வெள்ளைக் கொக்குகள். பார்க்கிறவரை மண்நிறமாக நின்றுவிட்டுப் பறந்ததும் வெள்ளையாகிவிடும் மடையான். கழுத்து வெளுத்த செம்பருந்து ஒன்று வட்டமிட்டது, நாம் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்வோமே, அதுதான்.

என் பெண்ணுக்குப் பிடித்தது கறுப்பு வெள்ளை மீன்கொத்தி. தண்ணீருக்குமேல் அந்தரத்தில் ஒரே இடத்தில் இறக்கையடித்துக்கொண்டு நின்றது. ஹெலிகாப்டர் மாதிரி. திடீரென்று கல் விழுவதுபோல் தலைகீழாக விழுந்து, மீனோடு எழுந்தது. அவள் இருபது படம் எடுத்தாள். பத்தொன்பதில் தண்ணீர் மட்டும் இருக்கிறது. ஒன்றில் பாதி வால்.

அங்கே இரண்டு பையன்கள் பெரிய கேமராக்களோடு வந்திருந்தார்கள். மணல் திட்டில் ஆலாக்களும் சின்ன உள்ளான்களும் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்தன. ஒருவன் அவற்றை நோக்கி ஓடினான், மற்றவன் அவை கும்பலாக எழும்புவதைப் படமெடுத்தான். பார்க்க அழகுதான். மறுபடி உட்கார்ந்ததும் மறுபடி ஓடினான். டீச்சர் நேரே அவர்களிடம் போனார்.

"தம்பி, இதுல பாதி வட ஆசியாவுலேருந்து வந்திருக்கு. ஆயிரக்கணக்கான மைல். வந்து சேர்றதுக்குள்ள உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் கரைஞ்சிருக்கும். இப்ப தண்ணி வத்தியிருக்கிற இந்த ரெண்டு மூணு மணி நேரம்தான் அதுக்குச் சாப்பாட்டு வேளை. உங்களை இலையில உட்கார வெச்சுட்டு யாராவது பத்து தடவை எழுப்பினா எப்படி இருக்கும்?"

பையன்கள் நல்ல பிள்ளைகள், "சாரி ஆன்ட்டி" என்று கேமராவை இறக்கிவிட்டார்கள். எனக்குத்தான் முகம் சிவந்தது. பன்னிரண்டு பேரைக் கதவு தட்டிக் கூப்பிட்டவள் பக்கத்தில் நிற்கிறாளே!

திரும்பி நடக்கும்போது படமெடுப்பதன் ஒழுங்கைச் சொல்லிக்கொண்டே வந்தார். கூடு இருக்கிற இடத்தில் கேமராவை வெளியே எடுக்காதே. நாம் இலையை விலக்கிப் படம் பிடித்துவிட்டு வந்துவிடுவோம், விலக்கிய இடத்தில் காக்கை உள்ளே பார்க்கும். வெளிச்சம் அடிக்காதே. கைப்பேசியில் பறவையின் குரலைப் போட்டு ஏமாற்றி வரவழைக்காதே, தன் எல்லைக்குள் வேறொன்று வந்துவிட்டதென்று அது சாப்பாட்டை விட்டுவிட்டுச் சண்டைக்கு அலையும். ஆந்தை அடைகிற மரம், அபூர்வப் பறவையின் இடம், இதையெல்லாம் ஊருக்குப் பறைசாற்றாதே.

"அப்போ நல்ல படம் எப்படித்தான் எடுக்கறது டீச்சர்?" என்று கேட்டாள் என் பெண்.

"உட்கார்ந்துக்கோ. அசையாதே. அதுவா வந்தா எடு. வரலைன்னா வீட்டுக்குப் போ."

மயிலாப்பூரிலேயே அப்படி ஒருவர் இருந்தாராம். இன்றைக்கு டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை என்கிறோமே, அந்த எட்வர்ட் எலியட்ஸ் சாலையில் வாழ்ந்த மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் பிள்ளை. 1912ல் பிறந்தவர். காடு காடாகப் போய்க் கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். பல பாகங்களைச் சேர்த்துத் தாமே கேமரா செய்துகொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950ல் ஆரம்பித்த பத்தியை 1996ல் காலமாகும் வரை எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற தொகுப்பு கிடைத்தால் வாங்கிப் படியுங்கள். சலீம் அலியின் பறவைப் புத்தகத்தின் பழைய பிரதி ஒன்றும் டீச்சரின் ஜோல்னாப் பையில் இருந்தது. முதலில் 1941ல் வந்த புத்தகம். அவர் காடு மேடெல்லாம் பறவை தேடி அலைந்தபோது கூடவே போய்க் கூடாரத்தில் குடித்தனம் நடத்திய மனைவி தெஹ்மினா, புத்தகம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னாலேயே 1939ல் இறந்துவிட்டார் என்று டீச்சர் சொன்னதும் எனக்கு அந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

கடற்கரையில் புளியோதரையை முடித்துக்கொண்டு, ஆட்டோவில் வேளச்சேரி வழியாகப் பள்ளிக்கரணை போனோம். ஒரு காலத்தில் பல ஆயிரம் ஏக்கராகப் பரந்து கிடந்த சதுப்பு நிலம். வீடும் ரோடும் குப்பைமேடும் தின்றது போக மிஞ்சியதைத்தான் பார்க்கிறோம். 2007ல் ஒரு பகுதி காப்புக்காடாயிற்று. 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உலகத்து முக்கியமான ஈரநிலங்களுக்கான பட்டியல் அது. மழைத் தண்ணீரை வாங்கி வைத்துக்கொள்ளும் இந்தப் பள்ளத்தைத் தூர்த்துவிட்டு, வெள்ளம் வந்தால் மட்டும் நாம் குய்யோ முறையோ என்கிறோம்.

ரோட்டோரம் நின்றே பார்க்கலாம். லாரிகள் போய்க்கொண்டே இருக்கும், ஆகவே பிள்ளைகள் கையை விடாதீர்கள். நீலத் தாழைக்கோழிகள் கோரைக்குள் கோழிகள் மாதிரியே மேய்ந்தன. கூழைக்கடாக்கள் ஓடம்போல மிதந்தன. தூரத்தில், குப்பைமேட்டுப் பக்கம், வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. துணி காயப் போட்டிருக்கிறதோ என்று நினைத்தேன். பைனாகுலரில் பார்த்தால், பூநாரைகள்! டீச்சர் அறுபத்து நான்கு எண்ணினார். தலையைக் கவிழ்த்து, வளைந்த அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, நாம் அரிசி களைகிற மாதிரி சேற்றைக் களைந்து சாப்பிடுகின்றன. அந்த ரோஜா நிறம் பிறவி நிறம் இல்லையாம். சாப்பிடுகிற பாசியிலும் கூனியிலும் இருக்கும் சத்துதான் இறக்கையில் ஏறுகிறதாம். குழந்தைகளுக்குக் கேரட் கொடுங்கள் என்று டாக்டர் சொல்கிறாரே, அதே வகைச் சத்து.

நீளவால் இலைக்கோழி என்று ஒன்றையும் காட்டினார். நீளமான விரல்களைப் பரப்பிக்கொண்டு மிதக்கும் இலைமேலேயே நடக்கிறது. பனிக்காலத்தில் வால் நீளமாக இராது. இதில் முட்டையிடுவது மட்டும்தான் அம்மாவின் வேலை. அடைகாப்பது, குஞ்சை மேய்ப்பது எல்லாம் அப்பா. அம்மா அடுத்த முட்டைக்கு அடுத்த மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவாளாம். ராத்திரி வீட்டில் இதைச் சொன்னபோது இவர் பேப்பரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஒரு விஷயம் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். இப்படி வெளியே போனால் நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய கஷ்டம் ஒதுங்க இடமில்லாததுதான். அதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பில் படுக்காதீர்கள். வழியில் தெரிந்தவர் வீடு ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு டீச்சரின் தங்கை வீடு வேளச்சேரியில் இருந்தது. அங்கே தயிர்சாதம், மாவடு, அரைமணிக் கண்ணயர்வு.

மத்தியானம் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துக்கு வந்தோம். 1882லிருந்து அந்தச் சபையின் தலைமையிடம் அது. பொதுமக்களை விடுகிற நேரமும் நாளும் குறைவு, விசாரித்துக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் நகரச் சத்தம் யாரோ கதவைச் சாத்தியதுபோல் நின்றுவிட்டது. அந்தப் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயலில் சாய்ந்துவிட்டாலும், விழுதுகளே மரங்களாக நிற்கின்றன. "அனுமதி கேட்காம இங்க படம் எடுக்கக் கூடாது. கேமராவைப் பையில போடு" என்றார் டீச்சர். பெண் முகம் சுருங்கியது, ஆனாலும் போட்டாள்.

பாதையோரம் நிழல் அடர்ந்த ஓரிடத்தில் நின்றோம். பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. கால் வலித்தது. கொசு வேறு. வீட்டில் இவர் காஸை அணைத்தாரோ என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சருகு புரளும் சத்தம் கேட்டது. ஓணானாக்கும் என்று நினைத்தேன். டீச்சர் என் முழங்கையைத் தொட்டார்.

எட்டடி தூரத்தில், சருகுக்கு நடுவே, அதே கறுப்பு மை இழுத்த கண்.

குனிந்து ஒரு சருகைப் புரட்டியது. இரண்டு தத்து தத்தி இன்னொன்றைப் புரட்டியது. புழு ஒன்றை இழுத்து, அலகில் தட்டி விழுங்கியது. நிமிர்ந்து நின்று குட்டை வாலை மெல்ல மேலும் கீழும் ஆட்டியது. நிழலில் அந்தப் பச்சையும் சந்தனமும் சருகோடு சருகாகிவிடுகிறது. அக்டோபரில் என் முறத்தில் கொட்டிக் கிடந்த நிறமெல்லாம் இங்கே கண்ணுக்கே தெரியவில்லை. திரும்பும்போது மட்டும் அந்த நீலம் ஒரு விநாடி மின்னியது.

என் பெண் என் கையை இறுகப் பிடித்திருந்தாள். காதருகே வந்து, "அம்மா, இது நல்லா இருக்கும்மா" என்றாள். உதட்டை மட்டும்தான் அசைத்தாள், அவ்வளவு மெதுவாக.

மூன்று நிமிஷம் இருக்கலாம், ஐந்தும் இருக்கலாம். பிறகு புதருக்குள் போய்விட்டது. காவலாளி வந்து மூடுகிற நேரம் என்றார். வாசலுக்கு நடந்து வரும்வரை மூவரும் பேசவில்லை. எனக்குப் பேச வராது என்று தோன்றியதால் நான் பேசவில்லை. அவர்கள் ஏன் பேசவில்லையோ.

ஆட்டோவில் ஏறியபிறகு பெண் நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கணக்கு எழுதினாள். முப்பத்தேழு வகை. ஆறுமணிக் குருவியை மட்டும் பச்சை மையில் எழுதினாள்.

வீட்டுக்கு வந்தால், தோசைக்கல் அடுப்பிலேயே கறுகிக் கிடந்தது. மாத்திரைக் கிண்ணம் இரண்டு காலி, ஒன்று அப்படியே. மாமியார், "என்ன, உன் பட்சியைப் பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை டிவியை அணைத்து வைத்துக் கேட்டார். அவர் டிவியை அணைத்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. "எங்க ஊர்க் கொல்லையில இது வரும். நாங்க பாட்டுக்கு விட்டுடுவோம்" என்றார்.

அன்றைக்கு எடுத்த படங்கள் எண்பத்து நான்கில் தேறியது ஆறு. மறுநாள் பெண் ஒரு செருப்புப் பெட்டியை எடுத்துக் கோணி ஊசியால் நாலு பக்கமும் துளை போட்டாள். அடியில் என் பழைய பருத்திப் புடவைத் துண்டை மடித்து வைத்தாள். மூடிமேல், "காலி பண்ணாதீங்க, அக்டோபருக்கு வேணும்" என்று பெரிசாக எழுதி, வனத்துறைத் தொலைபேசி எண்ணையும் டீச்சர் வீட்டு எண்ணையும் ஒட்டி, துவைக்கும் கல்லுக்குமேல் இருக்கிற மாடத்தில் வைத்திருக்கிறாள். சலவைக்காரம்மா அதில் கிளிப் போட்டு வைக்க இரண்டு தடவை எடுத்தாள். இரண்டு தடவையும் மாமியாரே சத்தம் போட்டுத் திரும்ப வைக்கச் சொல்லிவிட்டார்.